சிம்னி துடைச்சாச்சா?

ரசத்துல கறுப்பா ஒரு சொட்டு மிதந்துச்சு. அங்க இருந்துதான் இந்தக் கதையை ஆரம்பிக்கணும்.

2023 அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி. தங்கமணி ஊத்தின ரசத்துல கடுகு, கறிவேப்பிலை, கொத்துமல்லி எல்லாம் அதது இடத்துல இருக்கு. ஓரமா பழுப்பும் கறுப்பும் கலந்த மாதிரி ஒரு எண்ணெய்ச் சொட்டு. "நெய்யி கொஞ்சம் கருகியிருக்கும்"னு சொல்லி கரண்டியால ஒதுக்கிட்டுச் சாப்பிட்டேன். தங்கமணி மேல பார்த்தாங்க. மேலன்னா சாமியை இல்லைங்க, சிம்னியை. "ஆறு மாசமாச் சொல்றேன், அது இழுக்கவே இல்லை"ன்னாங்க. "சத்தம் வருதே, ஓடாமயா சத்தம் வரும்?"னு கேட்டேன். இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லாம் தங்கமணி பதில் சொல்றதில்லை. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

இத்தனைக்கும் என் தொழிலே இதுதான். வியாபாரி மாசா மாசம் குடுக்கற ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டை அப்படியே நம்பாம, குடோனுக்கு நேர்ல போய் மூட்டையைத் தட்டிப் பார்க்கணும். முன்னாடி ரெண்டு வரிசை கோதுமை, பின்னாடி வரிசையெல்லாம் தவிடுங்கற கதையைப் புதுசா வர்ற பசங்களுக்கு நானே சொல்லிக் குடுப்பேன். வீட்டுல மட்டும் சத்தத்தைக் கேட்டே சான்றிதழ் குடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

2022 ஜூன்ல மாற்றலாகி லக்னோ வந்தோம். கோமதி நகர் பக்கம் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரர் மாடுலர் கிச்சன் போட்டு வச்சிருந்தார். கிரானைட்டுக்குள்ளயே பதிச்ச நாலு பர்னர் கண்ணாடி ஹாப், அதுக்கு மேல சாய்வா ஒரு பெரிய சிம்னி. தொட்டா ஓடுற சுவிட்ச், கையை ஆட்டினா நிக்கற வித்தை எல்லாம் உண்டு. ஊர்ல மேடை மேல வச்ச ரெண்டு பர்னர் ஸ்டவ்ல பதினஞ்சு வருஷம் சமைச்ச தங்கமணிக்கு முதல் ஒரு வாரம் பெருமை தாங்கலை. "இதுல ஆட்டோ கிளீன் இருக்கு, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், தானே சுத்தம் பண்ணிக்கும்"னு வீட்டுக்காரர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ரொம்ப நம்பிட்டேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மா புதுக்கோட்டைல இருந்து வந்திருந்தாங்க. தீபாவளி நவம்பர் 12, ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் ரெண்டாவது சனி, பேங்க் லீவு. அதனால நானும் வீட்டுல. இந்த ஊர்ல தீபாவளிக்கு முன்னாடி வீட்டையே தலைகீழாப் புரட்டி 'சஃபாயி' பண்ணுவாங்க, நம்ம போகிக்குப் பண்ற மாதிரி. எதிர் வீட்டுல மெத்தையெல்லாம் மாடிப்படிக்கு வந்துடுச்சு. நம்ம வீட்டுல முறுக்கு.

அம்மா பிழியறாங்க, தங்கமணி எடுக்கறாங்க. சிம்னி முழு வேகத்துல 'ஹோ'ன்னு ஓடுது. நாலாவது ஈடு போட்டப்ப மேல இருந்து ஒரு சொட்டு விழுந்துச்சு. வாணலிக்குள்ள இல்லை, பக்கத்துல, பர்னர் தீ மேல. குப்புனு ஒரு ஜ்வாலை எழும்பி, சிம்னி ஃபில்டரோட கீழ் விளிம்பைத் தொட்டுச்சு. அங்க ஒட்டியிருந்த பிசுக்கு பிடிச்சுக்கிச்சு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனா அது எரியற இடம் முறுக்கு வேகற ரெண்டு லிட்டர் எண்ணெய்க்கு நேர் மேல.

நான் என்ன பண்ணினேன்னு கேட்டா வெட்கமா இருக்கு. தண்ணிச் சொம்பை எடுத்தேன். அம்மா "ஊத்தாதடா!"ன்னு போட்ட சத்தத்துல சொம்பு கையிலயே நின்னுடுச்சு. தங்கமணி குனிஞ்சு ஹாப் குமிழைத் திருகி அணைச்சாங்க, அடுத்த நொடி சிம்னியோட பிளக் பாயிண்ட்டையும் தட்டினாங்க. அம்மா பக்கத்துல இருந்த பெரிய தாம்பாளத்தை எடுத்து வாணலி மேல பொத்துனாப்புல கவுத்தாங்க. மேல எரிஞ்சது, கீழே இருந்து சூடும் மேல இருந்து இழுப்பும் நின்னதும், அரை நிமிஷம் நெளிஞ்சு நெளிஞ்சு எரிஞ்சு தானே அணைஞ்சுது. டைல்ஸ்ல ஒரு கறுப்புக் கோடு. வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்த பொண்ணு எட்டிப் பார்த்து "என்னப்பா புகை?"ன்னா.

மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனா அந்தச் சொம்பை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. கொதிக்கற எண்ணெயில தீ பிடிச்சிருக்கும்போது தண்ணி விழுந்தா, அது எண்ணெயை விடக் கனம், அடிக்குப் போகும், போன வேகத்துல ஆவியாகி வெடிக்கும், எரியற எண்ணெயைத் தூக்கி நாலு பக்கமும் விசிறும். பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். கைக்குத் தெரியலை, அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சிம்னியை நிறுத்தணும்னு தங்கமணிக்கு எப்படித் தோணுச்சுன்னு அப்புறம் கேட்டேன். "அடுப்பை ஊதினா எரியும், இழுத்தாலும் எரியும், அதுல என்ன இருக்கு?"ன்னாங்க. சரிதான். ஓடற ஃபேன் தீயைக் குழாய்க்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். அந்தக் குழாய்க்குள்ள என்ன இருந்துச்சுன்னு அன்னிக்கு சாயங்காலம்தான் பார்த்தோம்.

ஒரு மணி நேரம் ஆற விட்டு ஃபில்டரைக் கழட்டினேன். கழட்டலாம்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கைப்பிடி மாதிரி ஒரு கொக்கி இருக்கு, அமுக்கினா கையோட வந்துடுது. இது 'பேஃபிள்' வகை. எஸ்.எஸ். தகட்டை வளைச்சு வளைச்சு எதிரும் புதிருமா அடுக்கியிருக்கும். உள்ள போற காத்து வளைஞ்சு வளைஞ்சு போகும், காத்தோட வர்ற எண்ணெய்த் துளியால அத்தனை சீக்கிரம் திரும்ப முடியாது, தகட்டுல மோதி வழிஞ்சுடும். அவ்வளவுதான் இதோட சூட்சுமம். எங்க ஃபில்டர்ல வளைவே தெரியலை. எல்லாம் தேன் நிறத்துல மெழுகு மாதிரி அடைஞ்சு கிடந்துச்சு.

ஃபில்டருக்குப் பின்னாடி சின்னதா ஒரு கிண்ணம். அது ததும்பி வழிஞ்சிருக்கு. ஆட்டோ கிளீன்னா என்னன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த பட்டனை அமுக்கினா உள்ள ஒரு ஹீட்டர் சூடாகும். ஃபேன் கூண்டுல ஒட்டியிருக்கற எண்ணெய் உருகி வழிஞ்சு இந்தக் கிண்ணத்துல வந்து விழும். அதோட அதுங்கடமை முடிஞ்சுது. கிண்ணத்தைக் காலி பண்றது நம்ம கடமை. ஃபில்டரைக் கழுவுறதும் நம்ம கடமைதான், ஹீட்டர் அங்க வராது. தங்கமணி மாசம் தவறாம பட்டனை அமுக்கியிருக்காங்க. ஒன்றரை வருஷமா ஒருத்தரும் கிண்ணத்தைக் காலி பண்ணலை. ரசத்துல விழுந்தது அந்தக் கிண்ணத்துச் சரக்கு.

அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "இதுக்குப் பேரு என்னடா?" சிம்னின்னேன். "சிம்னியா! எங்க காலத்துல சிம்னியை தினம் சாயந்தரம் துடைப்போம். நீ ஒன்றரை வருஷமா துடைக்கலைங்கறே."

அம்மா சொன்னது சிம்னி விளக்கு. (கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.) எங்க வீட்டுல கரண்ட் இருந்துச்சு, ஆனா எண்பதுகள் கடைசியில அது எப்ப போகும்னு தெரியாது. அதனால ஆறு மணிக்கு மண்ணெண்ணெய் விளக்கோட கண்ணாடியைக் கழட்டி, பழைய பேப்பரைக் கசக்கி உள்ள விட்டுச் சுத்துவாங்க. கை சின்னதா இருந்ததால அந்த வேலை பல நாள் எனக்கு. புகைக்கறை போகலைன்னா துளி சாம்பல். ஒரு நாள் விட்டுட்டா அடுத்த நாள் விளக்கு வெளிச்சமே இருக்காது, அதனால விடவும் முடியாது. இந்த மின்சார சிம்னியில அந்த வசதி இல்லை. துடைக்கலைன்னாலும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும்.

சரி, கழுவின கதைக்கு வர்றேன். வெளியூர்ல இருக்கற நம்ம ஆளுங்க பல பேர் வீட்டுல இதே சாமான்தான் இருக்கு, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

முதல்ல நான் நேரா வெந்நீரும் பாத்திரம் கழுவற லிக்விடும் ஊத்தினேன். பிசுக்கு ஸ்பாஞ்சுக்கு மாறுச்சு, ஸ்பாஞ்ச்ல இருந்து ஸிங்குக்கு மாறுச்சு, எங்கயும் போகலை. அம்மா தடுத்து, கோதுமை மாவு சலிச்ச தவிட்டைக் கேட்டாங்க. இந்த ஊர்ல 'சோக்கர்'னு பேர். பேப்பரை விரிச்சு ஃபில்டரைப் படுக்க வச்சு, தவிட்டைத் தூவிப் பத்து நிமிஷம் விட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டால வழிச்சு எடுத்தாங்க. (காலாவதியான டெபிட் கார்ட். பேங்க் ஆள் வீட்டுல அதுக்கா பஞ்சம்!) எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சீயக்காய்த் தூளும் தவிடும் போட்டுத் தேய்ச்ச தலைமுறை. முதல்ல எண்ணெயை உறிஞ்சி எடு, அப்புறம் தண்ணியைக் காட்டுங்கறது அவங்க கணக்கு. கால் கிலோ தவிடு பிடிச்சுது. அந்த அளவு பிசுக்கு ஸிங்க் குழாய்க்குள்ள போயிருந்தா அடுத்தது பிளம்பர் செலவு.

அதுக்கப்புறம் பெரிய டப்புல, கை பொறுக்கற சூட்டுக்கு மேல வெந்நீர், ரெண்டு கைப்பிடி சலவைச் சோடா, கொஞ்சம் லிக்விட். முக்கால் மணி நேரம் முழுக ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா தகட்டோட நிஜ நிறம் தெரிஞ்சுது. கையில ரப்பர் உறை அவசியம். இங்க ஒரு எச்சரிக்கை. எங்களோடது எஸ்.எஸ்., அதனால சோடா சரி. உங்க ஃபில்டர் வலை வலையா இருந்தா அது பெரும்பாலும் அலுமினியம். அதுக்குச் சோடா ஆகாது, கறுத்துப் போயிடும். காஸ்டிக் சோடா பட்டா அரிச்சே தின்னுடும். வலைக்கு வெந்நீரும் லிக்விடும் போதும், ஆனா அடிக்கடி கழுவணும், ஏன்னா வலை பேஃபிளை விடச் சீக்கிரம் அடையும். குழாயே இல்லாம காத்தைத் திரும்ப அறைக்குள்ளயே விடற வகையில கரி ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவவே கூடாது, மாத்தத்தான் வேணும்.

கழுவின ஃபில்டரைச் சொட்டச் சொட்ட மாட்டாம வெயில்ல நல்லாக் காய வச்சு மாட்டணும்.

பிசுக்கு ஏன் கோந்து மாதிரி ஆகுதுன்னு பொண்ணு கேட்டா. கேட்டதால நானும் படிச்சேன். எண்ணெய் ஆவி சில்லுனு இருக்கற தகட்டுல படியும். படிஞ்ச எண்ணெய் காத்தோடயும் சூட்டோடயும் சேர்ந்து மெதுவா கெட்டியாகி, வார்னிஷ் மாதிரி மாறிடும். சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய்க்கு இந்தக் குணம் ஜாஸ்தி. தேங்காய் எண்ணெய்க்குக் கம்மி. ஆனா லக்னோ ஜனவரியில தேங்காய் எண்ணெய் பாட்டில்லயே கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும், அதைச் சூடு பண்ணிச் சமைக்கறது தனி அவஸ்தை. எப்படியும் படிஞ்ச ஒரு வாரத்துல துடைச்சா அது எண்ணெய், துணியோட வந்துடும். ஆறு மாசம் விட்டா அது பெயிண்ட். குளிர்ல இன்னும் இறுகிக்கும். அதனால மார்கழிக்கு முன்னாடியே ஒரு தடவை நல்லாக் கழுவிடறது உத்தமம்.

ஃபில்டர் பளபளன்னு ஆனதும் மாட்டி ஓட விட்டேன். ஒரு பக்கம் இந்தி பேப்பரை ஃபில்டர் கிட்ட பிடிச்சா ஒட்டிக்கிட்டு நிக்கணும். நிக்கலை. மெதுவா விழுந்துச்சு.

பெட்டிமேல 1,200 கன மீட்டர்னு போட்டிருக்கு, ஒரு மணி நேரத்துக்கு. எங்க சமையலறை எட்டடிக்கு ஒம்போதடி, உயரம் பத்தடி, கிட்டத்தட்ட 20 கன மீட்டர். அப்படின்னா நிமிஷத்துக்கு ஒரு தடவை அறைக் காத்து முழுசும் மாறணும். மாறினா தாளிக்கற நெடி ஹாலுக்கு வரவே கூடாது. எங்க வீட்டுலயோ மிளகாய் வறுத்தா மூணாவது அறையில தும்மல். அந்த 1,200ங்கறது ஃபில்டர், குழாய், வளைவு எதுவும் தடுக்காதபோது மோட்டாருக்கு இருக்கற சக்தி. நம்ம கைக்கு வர்றது பிடித்தம் போன சம்பளம்தான்.

சரி, எங்கதான் பிடித்தம் ஆகுதுன்னு பின்பக்க பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். சுவத்துல ஆறு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை, அதுல காத்துக்குத் திறந்து மூடற பிளாஸ்டிக் மடல். மடல் பிசுக்குல ஒட்டிப் பாதிதான் திறந்திருக்கு. அதுக்கும் உள்ள குச்சி, கம்பித் துண்டு, தென்னமாரு மாதிரி என்னமோ. புறாக் கூடு! நல்லவேளை முட்டை இல்லை, பழைய கூடு. இந்த ஊர்ல புறாவுக்கு ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா போதும். எண்ணெய் ஊறின காய்ஞ்ச குச்சி, சிம்னி வாயில. தங்கமணி அந்த நொடியில பிளக்கைத் தட்டாம இருந்திருந்தா தீ போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான். கூட்டை எடுத்து, மடலைக் கழுவி, வெளியில கம்பி வலை கட்டினேன். வலை கண்ணு பெருசா இருக்கணும், சின்னக் கண்ணா இருந்தா அதுவே அடைச்சுக்கும்.

பேப்பர் இப்ப பச்சக்குனு ஒட்டிக்கிச்சு. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. இந்தப் பக்கமாத் திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

ஏ.எம்.சி. என்னாச்சுன்னு கேட்பீங்க. எடுத்திருந்தேன். 2022 ஆகஸ்ட்ல, வருஷத்துக்கு ரெண்டு சர்வீஸ், 3,000 ரூபாய், பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 3,540. அடுத்த ஆகஸ்ட்ல கேள்வி கேட்காம புதுப்பிக்கவும் செஞ்சேன். முதல் வருஷத்துல ஒரே ஒரு தடவை ஆள் வந்தார். நான் ஹால்ல லேப்டாப்ல இருந்தேன், இருபது நிமிஷத்துல "ஹோ கயா சர்ஜி"ன்னு அட்டையை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தா, 'ஃபில்டர், ஆயில் கப், டக்ட் சுத்தம் செய்யப்பட்டது'ன்னு மூணு டிக், கீழே என் அழகான கையெழுத்து. பார்க்காம கையெழுத்துப் போட்டதுக்கு பேங்க்ல மெமோ குடுப்பாங்க. இங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?

தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு புகார் பண்ணினதுக்கு வேற ஒருத்தர் வந்தார். சிம்னியை ஓட விட்டுக் காதை வச்சுக் கேட்டுட்டு, "மோட்டர் கமஸோர் ஹோ கயா, 4,800 லகேகா"ன்னார். நான் பேப்பரை எடுத்து ஒட்டிக் காட்டினேன். ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கிட்டு நின்னோம். அப்புறம் மோட்டார் பத்திப் பேச்சே வரலை. அவரையும் ரொம்பக் குத்தம் சொல்ல மனசு வரலை. ஒரு நாளைக்குப் பத்து வீடு, மூணாவது மாடி, முதுகுல பை. ஆனா கணக்குன்னு பார்த்தா, மோட்டாரும் ஃபேனும் கழட்டிப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டு அன்னிக்கே காசு குடுத்துடறது எனக்குச் சரியா வருது. பக்கத்துலயே நிக்கறேன். கிண்ணமும் ஃபில்டரும் நம்ம வேலை. மண்ணெண்ணெய்த் துணியால துடைக்க வந்தா வேணாம்னு சொல்லிடுங்க. சீக்கிரம் பளிச்சுனு ஆகும், ஆனா தீ எரியற இடத்துக்கு மேல மண்ணெண்ணெயா?

குழாயையும் அந்தச் சமயத்துலயே மாத்தினோம். பரணுக்குப் பின்னால அலுமினிய நெளிகுழாய் தொய்ஞ்சு தொட்டில் மாதிரி தொங்கிச்சு. தொய்வுல எண்ணெய் குட்டையாத் தேங்கியிருந்துச்சு. ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். நீளத்தைக் குறைச்சு, இழுத்துக் கட்டி, ரெண்டு வளைவை ஒண்ணா ஆக்கினோம். பி.வி.சி. போட்டா மலிவுன்னாங்க. தீ பிடிச்சா உருகற சாமான் வேணாம்னுட்டேன்.

ஹாப்பைச் சொல்லாம விட்டுட்டேனே. சிம்னி அசிங்கம் எல்லாரும் பேசுவாங்க, ஹாப் மேல இருந்து பார்த்தா பளபளன்னு இருக்கறதால தப்பிச்சுக்கும். எங்களோடதுல பின்பக்கப் பெரிய பர்னர் மஞ்சளா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. குக்கர் அடியெல்லாம் கரி. நல்ல தீ நீலமா, உள்ள ஒரு கூர்மையோட இருக்கணும். மஞ்சள்னா காத்து சரியாக் கலக்கலை, காஸ் அரைகுறையா எரியுதுன்னு அர்த்தம். காஸும் வீண், கார்பன் மோனாக்சைடும் வரும். லக்னோ குளிர்ல ஜன்னல், கதவு எல்லாம் சாத்திக்கிட்டுச் சமைக்கற வீடுகள்ல இது விளையாட்டு இல்லை. வெளிய தள்ற காத்துக்கு ஈடா உள்ள காத்து வரணுமில்ல? ஜன்னலை ரெண்டு விரக்கடையாவது திறந்து வச்சாத்தான் சிம்னியும் ஒழுங்கா இழுக்கும்.

பர்னர் மூடிகள் பித்தளை. நான் ஸ்டீல் நாரை எடுக்க, அம்மா ரசத்துக்குக் கரைச்ச புளிச் சக்கையை எடுத்தாங்க. பித்தளைக் குத்துவிளக்குக்கு எது மருந்தோ அதேதான் இதுக்கும். ஓட்டையெல்லாம் ஈர்க்குச்சியால ஒவ்வொண்ணாக் குத்தி, கழுவி, ஈரம் துளி இல்லாமக் காய வச்சு மாட்டினோம். ஈரம் இருந்தா தீ படபடன்னு துள்ளும், சரியாப் பத்தாது. அடியில இருக்கற ஜெட்டுல மட்டும் ஊசி, கம்பி எதையும் விடாதீங்க. அந்தத் துளை அளவு காஸுக்குத் தகுந்த மாதிரி. சிலிண்டருக்கு ஒரு அளவு, குழாய் காஸுக்கு அதைவிடப் பெருசு. சிலிண்டர்ல இருந்து குழாய்க்கு மாறும்போது ஜெட் மாத்தறது இதுக்குத்தான். சுத்தம் பண்ணியும் மஞ்சளாவே எரிஞ்சா காஸ் கம்பெனி மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும். எங்களோடது புளியிலயே சரியாயிடுச்சு.

கண்ணாடிக்கு ஒரே விதி, சூடா இருக்கும்போது ஈரத் துணி படக்கூடாது. பால் பொங்கினதும் கை துறுதுறுங்கும், பொறுத்துக்கணும். டஃபண்ட் கண்ணாடிதான், கனம் தாங்கும். ஆனா ஓரத்துல அடிபட்டா, இல்லை சூட்டுல திடீர்னு குளிர்ச்சி பட்டா, பொடிப்பொடியா உதிர்ந்துடும். எங்க அபார்ட்மெண்ட்லயே ஒரு வீட்டுல அப்படி ஆச்சு. ஸ்டீல் நார் கீறல் போடும், மெல்லிசுத் துணியும் லிக்விடும் போதும்.

இப்ப வீட்டுல நடைமுறை என்னன்னா, வாரம் ஒரு தடவை சிம்னி வெளிப்பக்கம், ஃபில்டர் விளிம்பு, கிண்ணம் மூணையும் தங்கமணி ஒரு துணியால துடைச்சுடுவாங்க, அஞ்சு நிமிஷம். மாசத்துக்கு ஒரு ஞாயிறு ஃபில்டர் கழுவறது என் வேலை, ஆட்டோ கிளீன் போட்டு கிண்ணத்தைக் காலி பண்றதும் சேர்த்து. பேப்பர் ஒட்டுதான்னு பார்க்கறது பொண்ணு. அடுப்பு பத்த வைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே சிம்னி போட்டு, அணைச்ச பிறகும் அஞ்சு நிமிஷம் ஓட விடறோம். பலகாரம் சுடற மாசம் ரெண்டு தடவை கழுவணும், அதுல எனக்கும் தங்கமணிக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. டைல்ஸ் கறுப்புக் கோடு முழுசாப் போகலை. காலி பண்ணும்போது வீட்டுக்காரர்கிட்ட அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பார்னு தெரியலை.

அம்மா புதுக்கோட்டைக்குத் திரும்பிப் போயாச்சு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா, சாப்பிட்டியான்னு கேட்கறதுக்கு முன்னாடி "சிம்னி துடைச்சாச்சா?"ன்னு கேட்கறாங்க. பக்கத்துல தங்கமணி ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு நிக்கறதால பொய்யும் சொல்ல முடியலை.

இந்த மாசம் இன்னும் கழுவலை. டப்புல வெந்நீர் ஊத்தி வச்சிருக்காங்க, கூப்பிடறாங்க, போறேன்.